மேலே என்றால் எந்தப் பக்கம்

ஏற்காட்டுக்காரர்களுக்கு உலகத்தில் இரண்டே இடங்கள்தான். ஏற்காடு மேலே, மற்றதெல்லாம் கீழே. "அவரு கீழ போயிருக்காருங்க" என்று ஒரு வீட்டில் சொன்னால், மனிதர் சேலத்துக்கு மளிகை வாங்கப் போயிருக்கலாம், துபாய்க்கு வேலைக்கும் போயிருக்கலாம். இந்தப் பேச்சோடுதான் நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, "நேரமாச்சுங்க, நான் மேல போறேன்" என்றேன். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கீழே இருப்பவர்களுக்கு மேலே போவது என்றால் ஒரேயடியாகப் போவது. நான் கொஞ்சம் கோபக்காரி. உங்கள் ஊர் வெயிலில் நாலு நாள் உட்கார்ந்தால் அப்படித்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

என் கணவர் ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தார். அதனால் வீட்டைக் கீழே மாற்ற முடியாது. காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அடிவாரத்திலிருந்து எண்ணி எழுதிய பலகை உண்டு. நான் அதைப் பார்ப்பதே இல்லை. மாலையில் ஏறும்போது ஜன்னல் காற்று திடீரென்று மாறும். கை தானாகவே பைக்குள் போய் ஸ்வெட்டரை எடுக்கும். நிமிர்ந்து பார்த்தால் பதினொன்றாம் வளைவாக இருக்கும். காலையில் அதே இடத்தில் கழற்றிவிடுவேன். கண்டக்டர், அம்மாவுக்கு டிக்கெட்டே பதினொன்றிலிருந்துதான் போடவேண்டும் என்று கேலி செய்வார்.

நான் படித்தது கணக்கு. வேலை, பருவநிலையைக் கணக்குப் போட்டுச் சொல்கிற ஒரு மாதிரியின், அதாவது மாடலின், எண்களைச் சலித்து எடுப்பது. எங்கோ வெளிநாட்டில் பெரிய கணினி ஒன்று பூமி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெயில், மழை, காற்று எல்லாவற்றையும் வரப்போகிற பல பத்தாண்டுகளுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தது. அந்த எண்கள் காந்த டேப்பில் வரும். அதிலிருந்து நம் பக்கத்துக் கட்டங்களை மட்டும் பிரித்து, மாதச் சராசரி போட்டு, எங்கள் பேராசிரியருக்குக் கொடுக்கவேண்டும். அந்த மாதிரியில் எல்லா மாதத்துக்கும் முப்பது நாள். பிப்ரவரிக்கும் முப்பது. வெப்பத்தை முந்நூறு முந்நூற்று மூன்று என்று கெல்வினில் சொல்லும். முதல் நாள் பார்த்தபோது இது நம் பூமிதானா என்று எனக்கு நியாயமான சந்தேகம் வந்தது.

திரையில் படமெல்லாம் கிடையாது. கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. கட்டளையைத் தட்டவேண்டும், தப்பாகத் தட்டினால் ஒரு வரியில் திட்டும், சரியாகத் தட்டினால் ஒன்றுமே சொல்லாது. வேண்டிய வரிகளைத் தேடி எடுக்க ஒரு கட்டளை, வரிசைப்படுத்த ஒன்று, கூட்டிக் கழிக்க ஒன்று. ஒன்றிலிருந்து வருவதை அடுத்ததற்குள் அனுப்ப நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போடவேண்டும். அதற்குப் பெயரே பைப். எனக்கு அது புதிதாக இல்லை. எங்கள் அப்பாவின் காலத்திலிருந்து காப்பிப் பழத்தைப் பல்பரில் போட்டு, தோல் போனதைத் தொட்டியில் ஊறவிட்டு, கழுவி, களத்தில் காயப்போட்டு வளர்ந்தவள் நான். ஒரு இடத்தில் வந்தது அடுத்த இடத்துக்குத் தானாகப் போகவேண்டும், நடுவில் நின்றால் நாறிவிடும்.

கூட்டிக் கழிக்கிற கட்டளைக்குப் பெயர் ஆக், இங்கிலீஷில் awk. அதை வீட்டில் சொன்னதுதான் வினையாகிவிட்டது. "ஊட்ல ஒரு நாளும் சோறு ஆக்கமாட்டீங்க, அங்க போயி தெனமும் ஆக்கறீங்களாக்கும்" என்று என் அண்ணி பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வாள். அண்ணியின் கைச்சோறு என்றால் எனக்கு உயிர். அதனால் பதில் பேசாமல் சாப்பிட்டுவிடுவேன்.

அண்ணன் ஏற்காட்டை அடுத்த தலைச்சோலையில் இருந்தார். அப்பா விட்டுப்போன காப்பித் தோட்டம் அவர் கையில். பெரிய எஸ்டேட் எல்லாம் இல்லை. ஒரு சரிவு முழுக்கக் காப்பி, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு, வீட்டை ஒட்டிக் கொஞ்சம் ஆரஞ்சு. அந்தச் சரிவைத் தவிர அண்ணனுக்கு வேறு எதிலும் ருசி கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தி முடிந்ததும் பஸ் எப்போது என்றுதான் கேட்பார்.

அந்த வருஷம் தண்டுத் துளைப்பான் புழு விழுந்து நல்ல செடிகள் வரிசையாகக் காய்ந்தன. அண்ணன் மனசு விட்டுப்போயிருந்த நேரம் பார்த்து, சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் கட்ட நிலம் தேடி சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். அண்ணன் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அப்போதுதான் காப்பி விவசாயிகள் கூட்டத்தில் பேச எங்கள் பேராசிரியரை அழைத்தார்கள்.

பேராசிரியர் நல்ல மனிதர். கண்ணாடித் தாளில் கோடு போட்டுக்கொண்டு வந்து திரையில் காட்டினார். அந்தக் கோடு நான் போட்ட சராசரிகளில் இருந்து வந்தது. மேலே சேர்வராயன் மலைப் பகுதி என்று எழுதியிருந்தது. கோடு தொடங்கிய இடமே சேலத்துச் சித்திரை வெயில். அங்கிருந்து இன்னும் ஏறிக்கொண்டே போனது. இந்த மாதிரியில் மலை இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஒரு வாக்கியம் சொன்னார். காப்பியும் மிக்சரும் கைமாறிக்கொண்டிருந்த நேரம், யார் காதிலும் அது விழவில்லை. கோடு மட்டும் கண்ணில் விழுந்தது.

மறுநாளே அண்ணன் என் வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை.

"நெசமா கண்ணு? நம்ம மலை சேலமாயிருமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சொன்னார், அப்படி ஆகப்போகிறது என்றால் செடியை வைத்துக்கொண்டு தினமும் அழுவதைவிட இப்போதே கொடுத்துவிடுகிறேன், உன் அண்ணியின் தம்பி சேலத்தில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறான், கல்லாவில் உட்கார ஆள் வேண்டும் என்கிறான். அண்ணனைக் கல்லாவில் நினைத்துப் பார்த்தேன். சேலத்தில் இரண்டு நாள் இருந்தாலே வேர்க்குரு வந்து சட்டை போடமுடியாமல் தவிக்கிறவர் அவர்.  எதற்கும் அவசரப்படாதீர்கள் என்று எரிந்து விழுந்தேன்.

கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாக எங்கள் கட்டத்தைத் தோண்டினேன். ஒரு கட்டம் என்பது ஏதோ வயல் கட்டம் மாதிரி இல்லை. சேலமும் தர்மபுரியும் ஈரோடும் இன்னும் எத்தனையோ ஊர்களும் ஒன்றாக அடங்குகிற அளவு. அதற்குள் இருக்கிற மலை, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் தட்டிச் சமமாக்கி ஒரே உயரம் கொடுத்திருந்தார்கள். எங்கள் மலை அதில் இல்லவே இல்லை. மாவு சலிக்கும்போது சல்லடையில் நிற்கிற கட்டி போல அதை எடுத்து எறிந்துவிட்டிருந்தார்கள். பேராசிரியர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. திரையில் காட்டிய கோடு கீழே உள்ள தரையின் கோடு.

ஆனால் மாதிரி தரையோடு நிற்பதில்லை. தரைக்கு மேலே அடுக்கடுக்காகக் காற்றையும் கணக்குப் போட்டிருக்கும். காற்றழுத்தத்தை வைத்து அடுக்குக்குப் பெயர். ஆயிரம் என்றால் கிட்டத்தட்டக் கடல் மட்டம். எண்ணூற்று ஐம்பது என்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம், ஏறக்குறைய எங்கள் ஊர். எனக்குக் கையெல்லாம் பரபரத்தது. அந்த அடுக்கை எடுத்துப் பார்த்தால் எங்கள் ஊர்க் காற்று என்ன ஆகும் என்று தெரிந்துவிடும்.

கணினி டிஸ்கில் இடம் குறைவு என்பதால், கேட்ட பகுதியை மட்டும் டேப்பிலிருந்து இறக்கித் தருவார்கள். அதைச் செய்கிற டேப் அறைக்காரர் ஓமலூர்ப் பக்கத்து மனிதர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை அம்மிணி என்று கூப்பிடுவார். அவர் இடத்தில் ஒரு தூசி இருக்காது. நான் அவசரத்தில் கதவுக்கு வெளியே நின்றபடியே, "சார், நம்ம கட்டத்துக்கு மேல இருக்கறத எடுத்துக் குடுங்க" என்றேன். சரிங்க அம்மிணி என்றார். சாயங்காலத்துக்குள் கோப்பு வந்துவிட்டது. நான் பழையதற்குக் கீழே என்றும் புதியதற்கு மேலே என்றும் பெயர் வைத்தேன். ஆக் போட்டுச் சராசரி எடுத்தேன்.

மேலே, கீழேயைவிடச் சூடாக இருந்தது.

பங்குனி, சித்திரை, வைகாசி, எந்த மாதத்தைப் பார்த்தாலும் மேலே அதிகம். ஏறுகிற வேகமும் அதிகம். நான் கட்டளையைத் திரும்பத் தட்டினேன். வேறு விதமாகத் தட்டினேன். அதே எண்கள். பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிட்டு, மாதிரி அப்படித்தான் சொல்கிறது என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். கழுத்தைத் திருகலாம் போல இருந்தது. தினமும் பதினொன்றாம் வளைவில் ஸ்வெட்டர் போடுகிறவளிடம் வந்து மலை மேலே சூடு என்கிறார்.

அன்று மாலை அண்ணன் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். எனக்குப் பொய்யும் சொல்ல வரவில்லை, அந்த எண்ணைச் சொல்லவும் வாய் வரவில்லை. "இன்னும் பாக்கோணும், கொஞ்சம் பொறுங்க" என்றேன். என் முகம் எப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கும். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். வெறும் ஆட்டல். புதன்கிழமை கீழே வந்து அக்ரிமென்ட் போடுவதாக அந்தக் காட்டேஜ்காரருக்கு அன்றே சொல்லி அனுப்பிவிட்டார் என்று அடுத்த நாள் விடியும்போதே அண்ணி மூலமாகத் தெரிந்தது. எனக்கு இருந்தது அந்தச் செவ்வாய் ஒரு நாள்.

செவ்வாய் காலை முழுக்க அந்த எண்களோடு மல்லுக்கட்டினேன். மேலே போனால் குளிர வேண்டும். அதைப் புத்தகமும் சொல்கிறது, என் உடம்பும் சொல்கிறது. மதியம் வாக்கில் பொறுமை போய், டேப் அறைக்குள்ளேயே போய் நின்றேன். நான் கேட்டது வேறு, நீங்கள் கொடுத்தது வேறு என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து சுவரில் தொங்கிய வரைபடத்திடம் போனார். அதில் கட்டங்களை அவரே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார். எங்கள் கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு அதற்கு அடுத்து, வடக்கே ஆந்திரப் பக்கம் இருந்த கட்டத்தில் வைத்தார்.

"இதா மேல. இதைத்தானுங்க எடுத்தேன்."

அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். பிறகு புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றபாடில்லை. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். வரைபடத்தில் மேலே என்றால் வடக்கு. படித்தவர், படிக்காதவர் யாரைக் கேட்டாலும் வடக்கு. மலையில் பிறந்த எனக்குத்தான் மேலே என்றால் வானத்துப் பக்கம். போதாததற்கு, சேலத்துக்கு வடக்கேதான் ஏற்காடு. "ஏற்காடும் மேலதானுங்களே அம்மிணி" என்று அவர் அதே வரைபடத்தில் அதையும் காட்டினார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அண்ணன் விஷயத்தை அப்படியே அவரிடம் சொன்னேன். புதன்கிழமை, அக்ரிமென்ட், மோட்டார் பம்பு கடை எல்லாம். அவர் சோற்றுத் தூக்கைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு டேப்பை மறுபடியும் மாட்டினார். இந்த முறை காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். நம்ம கட்டமே, எண்ணூற்று ஐம்பது அடுக்கு. இரண்டு பேரும் சேர்ந்து படித்துப் பார்த்தோம்.

சாயங்காலம் அச்சடித்து எடுத்தேன். சித்திரை மாதத்து மேலே, எங்கள் ஊர்ச் சித்திரை போலவே இருந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் ஏற்றம் இல்லாமல் இல்லை. வருஷங்கள் போகப்போக அந்த எண்ணும் மெல்ல ஏறத்தான் செய்தது. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? இத்தனை டிகிரி என்று சொன்னால் அவருக்கு என்ன தெரியும், எனக்கே என்ன தெரியும். பஸ்ஸில் ஏறும்போது அதே யோசனை. பதினொன்றாம் வளைவு வந்தது, கை ஸ்வெட்டரை எடுத்தது. அப்போது ஒரு வழி தோன்றியது. ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவு குளிர்கிறது என்று மடியில் வைத்தே கணக்குப் போட்டேன்.

தலைச்சோலைக்கு அப்போது போனும் இல்லை, அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. காலையில் கீழே போகிற பஸ்ஸில் அண்ணன் வந்தே ஆகவேண்டும். வந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும் இழவு வீட்டுக்குப் போகிற முகம். பக்கத்தில் உட்கார்ந்து அச்சுத்தாளை விரித்தேன். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருந்த அந்த நீளத் தாள் எங்கள் இரண்டு பேர் மடியிலும் கிடந்தது. மேலே கீழே கதையைச் சொன்னேன். முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"அப்ப சூடு ஏறாதா?"

"ஏறுமுங்க. கீழயும் ஏறும், மேலயும் ஏறும். இந்த மாதிரி அப்படித்தான் சொல்லுது. ஆனா நம்ம ஊரு சேலம் ஆவாது."

 பஸ் ஒவ்வொரு வளைவாக முனகிக்கொண்டு இறங்கியது. பதினைந்தாம் வளைவு வந்தது. அந்த இடத்தில் சாலைக்கு மேல்புறம் யாருடையதோ ஒரு துண்டுக் காப்பி உண்டு. தினமும் பார்க்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

"உங்களுக்கும் எனக்கும் வயசான காலத்துல, நம்ம தோட்டத்தைத் தூக்கி இந்த வளைவுல வெச்ச மாதிரி இருக்குமுங்க. அவ்வளவுதான்."

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். பஸ் வளைவில் திரும்புகிற நேரம்தான் பார்க்கக் கிடைத்தது. ஆனால் அவருக்கு அது போதும். செடி எப்படி இருக்கிறது, இலை என்ன நிறம், என்ன மரம் நிற்கிறது என்று அவர் கண் ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டது.  மூன்று வளைவு தாண்டியதும் தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி ஆரம்பித்தார். நிழல் நம் தோட்டத்தைவிட அங்கே அதிகம். சில்வர் ஓக் மட்டும் போதாது, பலா வைத்திருக்கிறான், அத்தி நிற்கிறது. கீழ்ச் சரிவில் நாம் நிழலை அதிகமாகக் கழித்துவிட்டோம், புழு விழுந்ததும் அங்கேதான். ஆடி மழைக்கு முன்னால் கன்று நட்டால் பிடித்துக்கொள்ளும். நான் ஸ்வெட்டரைக் கழற்றவே மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடிவாரத்தில் பஸ் நின்றது. கதவு திறந்ததும் கீழ்க் காற்று உள்ளே வந்தது. அண்ணன் கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தாளுக்கு நீயே ஒரு போனு போட்டுச் சொல்லிரு சாமி. நான் மேல போறேன்."

எதிர்ப்பக்கம் ஏறுகிற பஸ் புறப்பட நின்றிருந்தது. சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்து அதில் தொற்றிக்கொண்டார். திரும்பிப் பார்த்துக் கையைக்கூட ஆட்டவில்லை. பஸ் முதல் வளைவில் மறைந்தது. அடிவாரத்திலிருந்து சேலம் போய்ச் சேரும்வரை நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுவதற்கு எனக்கு அதுவரை பழக்கமே இல்லை. கண்டக்டர் பார்த்தும் பார்க்காததுமாகப் போய்விட்டார்.

வீங்கின கண்ணோடு கல்லூரிக்குள் நுழைந்தேன். டேப் அறைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருந்தார்.

"அண்ணன் என்னாச்சுங்க அம்மிணி?"

"மேல போயிட்டாருங்க."

அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. ஐயோ, என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைப்பதற்குள், அவர் என் கண்ணைப் பார்த்தார், என் மேல் இன்னும் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். பிறகு மெதுவாக மூச்சு விட்டார்.

"எண்ணூத்தி அம்பதுக்குத்தானுங்களே?"

"ஆமாங்க" என்றேன். "எண்ணூத்தி அம்பதுக்கு."